பாருங்கள், பிறகு பழியுங்கள்!

திரைப்படம் என்பது மூன்று மணி நேரப் பொழுதுபோக்கு. அதைப்பற்றி ஓர் அரசியல் வார இதழில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று வாசகர் சிலர் கேட்கக்கூடும். எழுதுவதற்கு நிறைய இருக்கிறது. எந்தப் படத்தைப் பார்க்கிறோம் என்பதைக் காட்டிலும், எந்தப் படத்தைப் பார்க்க மறுக்கிறோம் என்பதிலேயே ஒரு சமுதாயத்தின் உள்ளம் தெளிவாக வெளிப்படுகிறது.

அண்மையில் மூன்று படங்களை அடுத்தடுத்துப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. மூன்றும் இந்நாட்டில் எடுக்கப்பட்டவை. மூன்றையும் நெறிப்படுத்தியவர்கள் சிங்களக் கலைஞர்கள். ஒன்றை இலங்கை அரசாங்கம் தடுத்தது. மற்றொன்றைத் தமிழர் பெயரால் தடுத்தார்கள். மூன்றாவதை எவரும் தடுக்கவில்லை. நாமே பாராமல் விட்டுவிட்டோம். இம்மூன்று தடைகளுள் எது பெரிய தடை என்பதே இக்கட்டுரையில் நான் எழுப்பும் கேள்வி.

கட்டுகஸ்தோட்டையில் மகாவலிக் கரையை அண்டி வாழும் நண்பர் ஒருவரின் வீட்டு முன்மண்டபத்தில், சுவரில் வெள்ளை வேட்டி ஒன்றைக் கட்டி, மாதமொருமுறை நல்ல படங்களைக் காட்டுவது எங்கள் சிறு வட்டத்தின் வழக்கம். ஒரு வைத்தியர், வங்கி உத்தியோகத்தர் இருவர், என்னைப்போல் இளைப்பாறிய ஆசிரியர் சிலர். இவ்வளவே எங்கள் சபை. இம்முறை கமக்காரர் ஒருவரும் வந்திருந்தார். என் உறவினர், வலிகாமத்தில் வெங்காயமும் புகையிலையும் செய்பவர். பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான தம் மகளைக் கொண்டுவந்து சேர்ப்பதற்காகக் கண்டிக்கு வந்தவர், மூன்று நாட்கள் என் வீட்டில் தங்கினார். தந்தையும் மகளும் மூன்று இரவும் எங்களோடிருந்து படம் பார்த்தார்கள். இங்கே நான் கூறப்போவனவற்றுள் பாதி அவர்களிடம் கற்றது.

குருட்டுத் தந்தை கண்ட உண்மை

முதலாவது படம், பிரசன்ன விதானகே 1997 இல் எடுத்த 'புரஹந்த களுவர'. முழுநிலவு நாளின் இருள் என்று அதற்குப் பொருள் கூறலாம். வறண்ட பிரதேசத்துச் சிங்களக் கிராமம் ஒன்றில் வன்னிஹாமி என்னும் கண்பார்வையற்ற முதியவர் வாழ்கிறார். போருக்குச் சென்ற மகனின் உடல் என்று முத்திரையிட்ட பெட்டி ஒன்று வீடு வந்து சேர்கிறது. ஊர் அழுகிறது, அடக்கம் நடக்கிறது. ஆனால் கிழவர் மட்டும் மகன் இறந்துவிட்டான் என்பதை ஏற்க மறுக்கிறார். நட்டஈட்டுப் பத்திரத்தில் ஒப்பமிட மறுக்கிறார். வீட்டிலோ வறுமை, பணத்துக்காகக் காத்திருப்போர் பலர். இறுதியில் அவர் மண்வெட்டியை எடுத்துப் புதைகுழியைத் தோண்டத் தொடங்குகிறார். பெட்டிக்குள் இருந்தவை வாழைக்குற்றியும் கல்லும்.

கிழவராக நடித்தவர் ஜோ அபேவிக்கிரம. அவர் அதிகம் பேசுவதில்லை. குளம் வற்றிக் கிடக்கும் நிலத்தில் கோலூன்றி நடக்கிறார், அவ்வளவே. அந்த நடையிலேயே ஒரு நாட்டின் வழக்கு முழுவதும் அடங்கிவிடுகிறது.

இப்படத்தை 2000 ஆம் ஆண்டில் போர்ச்சூழலைக் காரணங்காட்டி அரசாங்கம் தடுத்தது. நெறியாளர் அஞ்சவில்லை, நீதிமன்றம் சென்றார். 2001 இல் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. படம் மக்களிடம் சென்றது. விமுக்தி ஜயசுந்தரவின் 'சுலங்க எனு பினிச' 2005 இல் கான் விழாவில் முதற்படத்துக்கான பரிசைப் பெற்ற பின்னரும் சொந்த நாட்டில் படைத்துறை சார்ந்தோரின் சீற்றத்துக்கு ஆளானது. அசோக ஹந்தகமவின் 'அக்ஷரய' 2006 இல் தடைசெய்யப்பட்டது. ஆட்சியாளர் நல்ல படத்துக்கு அஞ்சுவது நமக்குப் புதிய செய்தியன்று. அதைக் கண்டிப்பதும் நமக்கு எளிது.

ஆனால் அந்த இரவில் நான் கண்டிக்க நேர்ந்தது என்னையே. போர் நடந்த ஆண்டுகளில், கண்டியைச் சுற்றியுள்ள கிராமங்களில் வெள்ளைக்கொடி கட்டிய ஒழுங்கைகளைப் பஸ்ஸின் சாளரத்தினூடே எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். படைக்குப் போன ஏழைப் பிள்ளை ஒருவன் பெட்டியில் திரும்பியிருக்கிறான் என்பது கண்டவுடன் விளங்கும். ஒவ்வொரு முறையும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எங்கள் வீடுகளில் விழுந்த இழவுகளை எண்ணியபோது அவர்களுடைய இழவுக்கு என் நெஞ்சில் இடம் இருக்கவில்லை. வன்னிஹாமி என்னும் கற்பனைக் கிழவர் அந்த இடத்தை வலிந்து கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் மகனுடைய துப்பாக்கி யாரை நோக்கி நீண்டிருந்தது என்பதை நான் மறந்துவிடவில்லை. எனினும், பிள்ளையின் பிணத்தைக்கூட உண்மையாகக் காட்ட மறுக்கும் அரசு, சிங்களத் தந்தைக்கும் தமிழ்த் தந்தைக்கும் ஒரே அரசுதான் என்ற எண்ணம் எழுந்ததும் நான் தலைகுனிந்தேன். காணாமற்போன பிள்ளைகளின் படத்தை நெஞ்சில் ஏந்தி வடக்கிலும் கிழக்கிலும் வீதியோரம் அமர்ந்திருக்கும் நம் தாய்மார் கேட்பதும் அந்தக் கிழவர் கேட்டதைத்தானே? "பெட்டியைத் திறந்து காட்டு" என்பதைவிட அவர்கள் வேறென்ன கேட்கிறார்கள்?

அடைவுகடையில் ஒரு தமிழ்ப் பெண்

இரண்டாவது படமும் அதே நெறியாளருடையது. 2012 இல் வெளிவந்த 'ஒப நத்துவ ஒப எக்க'. 'நீயின்றி, உன்னோடு' என்பது அதன் பொருள். ருஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கி 1876 இல் எழுதிய ஒரு கதையை அடியொற்றியது. இதே கதையைப் பிரெஞ்சு நெறியாளர் ரொபேர் பிரெஸ்ஸோன் 1969 இலும், இந்திய நெறியாளர் மணி கவுல் 1990 இலும் படமாக்கியிருக்கிறார்கள். ஆனால் விதானகே அதைக் கொண்டுவந்து நாட்டியிருப்பது நம் மலைநாட்டு மண்ணில்.

சரத்சிறி என்னும் சிங்களவன் மலைநாட்டுச் சிறுபட்டினம் ஒன்றில் அடைவுகடை வைத்திருக்கிறான். போரினால் குடும்பம் சிதைந்து வடக்கிலிருந்து வந்து பிறர் வீட்டில் ஒதுங்கி வாழும் செல்வி என்னும் தமிழ்ப் பெண், இருக்கின்ற சிறு நகைகளை ஒவ்வொன்றாக ஈடுவைக்க அங்கே வருகிறாள். அவன் அவளை மணந்துகொள்கிறான். வாழ்க்கை ஒருவாறு அமைதியாக ஓடுகிறது. பின்னொரு நாள் அவன் முன்னாட் படைவீரன் என்பது தெரியவருகிறது. தமிழ்ப் பெண்ணொருத்திக்கு இழைக்கப்பட்ட கொடுமையில் தன் தோழர்களைக் காப்பாற்றப் பொய்ச்சாட்சி சொன்னவன் அவன் என்பதும் வெளிப்படுகிறது. அவன் மன்னிப்பை வேண்டுகிறான். அவளால் மன்னிக்கவும் முடியவில்லை. அவனை வெறுத்தொதுக்கவும் முடியவில்லை. முடிவு அவளுடைய மரணம்.

2014 ஜூன் மாதத்தில் இப்படம் சென்னையில் திரையிடப்பட்டபோது மிரட்டல்கள் வந்தன. படமாளிகையினர் காட்சியை நிறுத்திவிட்டனர். முள்ளிவாய்க்கால் முடிந்து ஐந்தே ஆண்டுகள். புண் ஆறவில்லை. சிங்களவர் ஒருவர் எடுத்த படம், அதில் படைவீரன் மன்னிப்புக் கேட்கிறான் என்றால், இது கறையைக் கழுவும் முயற்சியோ என்று ஐயுறுவது இயல்பே. அந்த ஐயத்தை நான் எள்ளி நகையாட மாட்டேன். ஆனால் மிரட்டியவர்களுள் எத்தனை பேர் அப்படத்தைப் பார்த்திருந்தார்கள்? தமிழ்ப் பெண்ணுக்கு இழைக்கப்பட்ட கொடுமையையும், அதை மூடிய பொய்ச்சாட்சியையும் ஒரு சிங்களக் கலைஞன் தன் மக்கள் முன்னிலையில், தன் மக்களின் மொழியில் ஒப்புக்கொள்ளும் படம் அது. கொழும்பிலே அதைத் தடுத்திருந்தால் நாம் என்ன சொல்லியிருப்போம்? உண்மையை மறைக்கிறார்கள் என்று முழங்கியிருப்போம். அதே செயலைச் சென்னையில் நம் பெயரால் செய்தபோது அது மட்டும் எவ்வாறு மானங்காத்த செயலாகிவிடும்?

இப்படத்தில் எனக்குக் குறையே தோன்றவில்லை என்று எண்ணிவிட வேண்டாம். பெருங்குறை ஒன்று தோன்றியது. கதை முழுவதும் அவனுடைய கண்களாலேயே சொல்லப்படுகிறது. அவனுடைய குற்றவுணர்வு நமக்குத் துலக்கமாகத் தெரிகிறது. அவளுடைய துயரமோ பெரும்பாலும் மௌனமாகவே நின்றுவிடுகிறது. குற்றஞ்செய்தவன் மனந்திருந்துவதற்காக, துன்புற்றவள் சாக வேண்டுமா? இக்கேள்வியோடுதான் அன்றிரவு எழுந்தேன். வைத்தியர் உடன்படவில்லை. மூலக்கதையின் அமைப்பே அதுதான் என்றார். அவளைப் பேசவைத்து மன்னிக்கச் செய்திருந்தால் அதுவே பொய்யாகியிருக்கும் என்றார். நள்ளிரவு கடந்தும் வாதிட்டோம். என் மறுப்பு இன்றும் மாறவில்லை. ஆயினும், அம்மறுப்பைச் சொல்லும் தகுதி எனக்கு வந்தது படத்தைப் பார்த்ததனாலேயே என்பதை இங்கே பதிவுசெய்ய விரும்புகிறேன்.

நம் வீட்டுப் பொன்மணி

மூன்றாவது படம் 'பொன்மணி'. 1970களின் இறுதியில் வெளிவந்த தமிழ்ப்படம். காவலூர் இராசதுரை கதை எழுத, தர்மசேன பத்திராஜா நெறிப்படுத்தினார். பத்திராஜா கண்டியின் மைந்தர். 1943 இல் இங்கே பிறந்து, பேராதனையில் பயின்று, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் ஆசிரியப்பணி புரிந்து, 2018 இல் கண்டியிலேயே கண்மூடியவர். 'அஹஸ் கவ்வ', 'பம்பரு அவித்' முதலிய படங்களால் சிங்களத் திரையுலகுக்குப் புதுவழி காட்டிய அம்மனிதர், யாழ்ப்பாணத்தில் வாழ்ந்த காலத்தில் நம்மை உற்றுப் பார்த்தார். பார்த்ததைப் படமாக்கினார்.

அதில் துப்பாக்கி ஏந்திய படையில்லை, இனக்கலவரமும் இல்லை. இருப்பது ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பம். சீதனம் சேராததால் மூத்தவள் முதிர்ந்துகொண்டிருக்கிறாள். இளையவள் பொன்மணி சாதியும் சமயமும் வேறான ஓர் இளைஞனை விரும்பி வீட்டைவிட்டுச் செல்கிறாள். அதற்கு அவள் கொடுத்த விலை தன் உயிர். படம் மெல்ல நடக்கிறது. நெடிய மௌனங்கள் நிறைந்தது. அடி, தடி, ஆட்டம் பாட்டம் எதிர்பார்த்துச் சென்றோர்க்கு அது சப்பென்றிருந்திருக்கும். நெடுநாள் ஓடவுமில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பார்க்கப் பழகாத நாம் படம் மந்தம் என்று சொல்லி ஒதுக்கிவிட்டோம்.

அன்றிரவு படம் முடிந்து விளக்கேற்றியபோது ஒருவரும் பேசவில்லை. என் உறவினரான கமக்காரர்தான் முதலில் வாய் திறந்தார். "என்ரை மூத்தக்காவும் உப்பிடித்தான் இருந்து போனா, மாஸ்ரர். நான் புகையிலை வித்த காசு முழுக்க இளையவளின்ரை சீதனத்துக்குப் போச்சுது" என்றார். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. மதிப்புரைகள் பல படித்தவர்கள் நாங்கள். எங்களுள் எவராலும் அப்படத்தைப்பற்றி அதைவிடச் சிறந்த ஒரு வசனம் சொல்லியிருக்க முடியாது.

அப்போது அவருடைய மகள் ஒரு கேள்வி கேட்டாள். "முந்தநாள் பார்த்த படத்திலையும் பெட்டைதான் செத்தவள், இண்டைக்கும் பெட்டைதான். நேற்றுச் செல்விக்காக நீங்கள் எல்லாரும் விடிய விடியச் சண்டை பிடிச்சியள். பொன்மணிக்காக ஏன் ஒருத்தரும் சண்டை பிடிக்கேல்லை, மாமா?"

முந்தநாள் பார்த்தது கிழவர் படம் என்று திருத்துவதற்காக வாயெடுத்தேன். அவள் நாளைத்தான் பிழையாகச் சொன்னாள், கேள்வியோ பிழையற்றது. ஆதலால் வாயை மூடிக்கொண்டேன்.

நண்பர்களே, இக்கட்டுரையின் சாரம் அந்தப் பிள்ளையின் கேள்விதான். செல்வியைச் சாவுக்குத் தள்ளியது அவர்களுடைய போர். பொன்மணியைக் கொன்றது நம்முடைய குலப்பெருமை. முன்னவளுக்காகக் குரலெழுப்ப நாம் எப்போதும் ஆயத்தமாக இருக்கிறோம், எழுப்பவும் வேண்டும். பின்னவள் பெயர் வந்ததும் தொண்டை அடைத்துக்கொள்கிறது. உலகம் நம் காயங்களைப் பார்க்கவில்லை என்று ஜெனீவா வரை சென்று முறையிடுகின்ற நாம், நாமே இழைத்த காயங்களைப் பார்க்க மறுத்தால் நம் முறையீட்டில் உண்மை இருந்தாலும் வலிமை இராது. பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா?

நம் கதையை நாம் சொன்னோமா?

சிங்களவர் எடுத்த படங்களையே பேசுகிறாயே, தமிழர் எடுத்தவை இல்லையா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வியே. 1947 இல் வெளிவந்த முதலாவது சிங்களப் பேசும்படமான 'கடவுணு பொறொந்துவ'வைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்னும் தமிழர். அக்காலத்தில் சிங்களப் படம் தென்னிந்தியக் கலைக்கூடங்களில் உருவாகி, தென்னிந்திய நடையிலேயே நடந்தது. 1956 இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 'ரேகாவ' மூலம் அந்தச் சட்டையைக் கழற்றினார். படப்பிடிப்புக் கருவியைக் கிராமத்துக்குத் தூக்கிச் சென்றார். அவருடைய 'கம்பெரலிய' 1965 இல் புதுடில்லி விழாவில் தங்க மயில் பரிசு பெற்றது. சிங்களவர் தென்னிந்தியச் சட்டையைக் கழற்றிய அதே காலத்தில் நாம் அதை இறுகப் பூட்டிக்கொண்டோம். 1963 இல் தோட்டத் தொழிலாளர் வாழ்வைக் கருவாகக்கொண்டு 'தோட்டக்காரி' வெளிவந்தது உண்மை. ஆனால் அதைத் தொடர்ந்து சென்றோர் மிகச் சிலர். சென்னைப் படம் கப்பலேறி வர, நம் படம் படிதாண்டாமற் கிடந்தது.

கண்டிச் சூழலிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த சிவமோகன் சுமதி, மலையகத் தமிழ் மக்களின் வாழ்வை வைத்து 2013 இல் 'இங்கிருந்து' என்னும் படத்தை எடுத்தார். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டு, 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இரு நாடுகளுக்கிடையே பங்குபோடப்பட்ட மக்களின் கதைப்புலம் அது. கண்டியிலும் மாத்தளையிலும் வாழும் தமிழ் உத்தியோகத்தருள் எத்தனை பேர் அதைப் பார்த்திருக்கிறோம்? யாழ்ப்பாணத்தில் 'தோட்டம்' என்றால் தான் நட்டுத் தான் விற்கும் வெங்காயத் தரை. மலையகத்தில் 'தோட்டம்' என்றால் பிறர் காணியில் நாட்சம்பளத்துக்குக் கொழுந்து கிள்ளும் லயத்து வாழ்வு. ஒரே மொழி, ஒரே சொல், இரண்டு உலகம். இந்த இரண்டு உலகங்களையும் ஒன்றுக்கொன்று அறிமுகப்படுத்தும் பணியை அரசியல் மேடை இன்றுவரை நிறைவாகச் செய்யவில்லை. ஒரு நல்ல படம் இரண்டு மணி நேரத்தில் அதைத் தொடங்கிவைக்கும்.

செய்யக்கூடியது என்ன?

இதற்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. எங்களுக்குச் செலவானது ஒரு வேட்டியும், இரவல் வாங்கிய ஒளிக்கருவியும், ஒரு கேத்தல் தேநீருமே. ஊர்தோறும் வாசிகசாலை இருக்கிறது; சனசமூக நிலையம் இருக்கிறது; கோயில் மண்டபம் இருக்கிறது; தோட்டங்களில் கலாசார மண்டபங்கள் இருக்கின்றன. மாதமொரு படம் காட்டுங்கள். படம் முடிந்ததும் கலைந்துவிடாதீர்கள். அரைமணி நேரம் பேசுங்கள். படித்தவர் மட்டும் கூடிப் பேசினால் அது பரீட்சை மண்டபமாகிவிடும். ஆகையால் கமக்காரரையும் தொழிலாளரையும் பெண்களையும் அழைத்து முன்வரிசையில் இருத்துங்கள். சிங்களப் படமானால் அயலிலுள்ள சிங்கள நண்பர் ஒருவரையும் அழையுங்கள். வன்னிஹாமியைப்பற்றி அவர் சொல்வதை நாம் கேட்போம். செல்வியைப்பற்றி நாம் சொல்வதை அவர் கேட்கட்டும்.

படம் பிடிக்கவில்லையா? எழுதுங்கள், கூட்டம் போட்டுக் கண்டியுங்கள், அதைவிடச் சிறந்த படம் ஒன்றை எடுத்துக் காட்டுங்கள். அவ்வளவும் உங்கள் உரிமை. பார்க்க விடாமற் செய்வது மட்டும் எவருடைய உரிமையுமன்று. கொழும்பிலிருந்து வரும் கட்டளைக்கு அது இல்லை, சென்னையிலிருந்து வரும் மிரட்டலுக்கும் இல்லை.

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு என் விடை இதுதான். அரசாங்கத்தின் தடையை நீதிமன்றம் நீக்கிற்று. மிரட்டலின் தடையைக் காலம் நீக்கிற்று. அப்படத்தை நாங்கள் கட்டுகஸ்தோட்டையில் இருந்து பார்த்தோம். ஆனால் பாராமுகம் என்னும் தடையை எந்த நீதிமன்றமும் நீக்காது. அதை இட்டவர்கள் நாம், நீக்கவேண்டியவர்களும் நாமே.

மறுநாட் காலை என் உறவினர் மகளை விடுதியில் சேர்த்துவிட்டு யாழ்ப்பாணம் புறப்பட்டார். பஸ்ஸில் ஏறுமுன் அவர் என்னிடம் கேட்டது ஒன்றே: "மாஸ்ரர், உந்தப் பொன்மணிப் படத்தை எங்கடை சனசமூக நிலையத்திலை போட ஏலுமே?"

ஏலும் என்று சொல்லியிருக்கிறேன். வருகிற மாதம் வெள்ளை வேட்டியோடு நான் அங்கே செல்வதாக இருக்கிறேன். உங்கள் ஊர் வாசிகசாலையில் வேட்டி கட்டப்போகிறவர் யார்?